ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை, ஆனால் வலிக்கிறது

மஞ்சள் பை நிறைய ரிப்போர்ட்டுகளோடு வருபவர்கள் எல்லா ஊர் மருத்துவமனைகளிலும் உண்டு. ஈசிஜி, எக்கோ, எண்டோஸ்கோப்பி, தைராய்டு, வயிற்று ஸ்கேன் என்று எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி ரப்பர் பேண்டு போட்டு வைத்திருப்பார்கள். டாக்டர் ஒவ்வொன்றாகப் புரட்டுவார். கடைசித் தாளையும் பார்த்துவிட்டு, “எல்லாம் நார்மல். உங்களுக்கு ஒன்றுமில்லை அம்மா” என்பார். நல்ல செய்திதான். ஆனால் கேட்டவர் முகத்தில் நிம்மதி தெரியாது. ஒன்றுமில்லை என்றால் இரவெல்லாம் தூங்கவிடாமல் வலிப்பது எது? வீட்டுக்குப் போனால் மகன் வேறு, “டாக்டரே சொல்லிவிட்டார், எல்லாம் உன் மனப்பிரமை” என்பான். அடுத்த மாதம் பை இன்னும் கொஞ்சம் கனத்து வேறொரு மருத்துவமனைக்குப் போகும்.

அந்த ‘ஒன்றுமில்லை’க்குள் ஏழெட்டு வெவ்வேறு நிலைமைகள் அடைபட்டுக் கிடக்கின்றன. மனநல மருத்துவம் அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறது. பெயர் வைக்கும் ஆசையால் அல்ல. ஒருவருக்கு வேண்டியது பேச்சு சிகிச்சை, இன்னொருவருக்கு பிசியோதெரபி, மற்றொருவருக்கு மாத்திரை, வேறொருவருக்கு மருத்துவமே வேண்டாம். இவர்கள் எல்லோரையும் ‘மனப்பிரமை’ என்ற ஒரே மூட்டையில் கட்டினால் யாருக்கும் குணமாகாது.

பிரிப்பதற்கு முன் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மனத்தால் வரும் உடல் தொந்தரவு பொய்த் தொந்தரவு அல்ல. வெட்கத்தில் முகம் சிவக்கிறது. அதை யாரும் நடிப்பு என்பதில்லை. பயத்தில் வயிற்றில் புளியைக் கரைக்கிறது, துக்கத்தில் நெஞ்சு அடைக்கிறது, பொறாமையில் வயிறு எரிகிறது. நம் மொழி உடம்பையும் மனத்தையும் ஒருபோதும் சுத்தமாகப் பிரித்து வைத்ததில்லை. பிரித்தது மருத்துவமனைக் கட்டடங்கள்தான், எலும்புக்கு ஒரு மாடி, மூளைக்கு ஒரு மாடி என்று.

வலி இருக்கிறது, அதைவிடப் பெரிதாகக் கவலை இருக்கிறது

முதலில் உடல் அறிகுறிக் கோளாறு. ஆங்கிலப் பெயர் சோமாட்டிக் சிம்ப்டம் டிஸ்ஆர்டர். இதைப் பற்றிப் பலரும் தவறாக நினைத்துக்கொண்டிருப்பது ஒன்று உண்டு: “பரிசோதனையில் காரணம் தெரியாத வலி என்றால் அது மனநோய்.” ஒரு காலத்தில் மருத்துவமும் ஏறக்குறைய அப்படித்தான் சொன்னது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட டி.எஸ்.எம்-5 என்ற கையேடு அந்த விதியை எடுத்துவிட்டது. இன்றைய விதிப்படி, வலிக்குக் காரணம் தெரிந்திருந்தாலும் சரி, தெரியாவிட்டாலும் சரி, பார்க்க வேண்டியது அதுவல்ல. அந்த அறிகுறியை வைத்துக்கொண்டு மனிதர் என்ன செய்கிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இடுப்பு வட்டு விலகிய இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஸ்கேன் படம் இருவருக்கும் ஒன்றுபோல. ஒருவர் வலித்தால் முனகுகிறார், மாத்திரை போடுகிறார், குனிந்து எடுக்காமல் உட்கார்ந்து எடுக்கப் பழகுகிறார், வேலைக்குப் போய்வருகிறார். மற்றவருக்கு ஒவ்வொரு சுருக்கும் ‘கால் விழுந்துவிடப் போகிறது’ என்ற அறிவிப்பு. காலையில் கண் விழித்ததும் இடுப்பைத் தடவிப் பார்க்கிறார், இரவு இரண்டு மணிக்குக் கைபேசியில் முதுகெலும்புப் படங்களைத் தேடுகிறார், கல்யாணம் காட்சிக்குப் போவதை நிறுத்திவிட்டார், வீட்டில் பேச்செல்லாம் இடுப்பைப் பற்றியே. இரண்டாமவருக்கு இடுப்பு நோயோடு உடல் அறிகுறிக் கோளாறும் இருக்கலாம். அளவுக்கு மீறிய எண்ணம், தணியாத பதற்றம், அதற்கே செலவாகும் நேரமும் சக்தியும் என்ற மூன்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். அறிகுறியால் அன்றாட வாழ்க்கை குலைந்திருக்க வேண்டும். பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். இடையில் வலி முதுகிலிருந்து வயிற்றுக்கு மாறினாலும் கணக்கு தொடரும்.

இந்தப் புது விதியை எல்லோரும் ஏற்கவில்லை. கையேட்டின் முந்தைய பதிப்பை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய ஆலன் ஃபிரான்சஸே கடுமையாக எதிர்த்தார். கள ஆய்வில் இந்த விதியைப் பொருத்திப் பார்த்தபோது புற்றுநோய் அல்லது இதய நோய் உள்ளவர்களில் 15 சதவீதத்தினர் இதற்குள் வந்துவிட்டதை அவர் சுட்டிக்காட்டினார். புற்றுநோய்க்காரர் கவலைப்படாமல் வேறு யார் கவலைப்படுவார்கள்? நியாயமான கேள்வி. எவ்வளவு கவலை ‘அளவுக்கு மீறியது’ என்பதற்கு அளவுகோல் எந்தக் கடையிலும் விற்பதில்லை. பார்க்கும் மருத்துவரின் நிதானத்தை நம்பித்தான் இந்த விதி நிற்கிறது.

வலியே இல்லை, கவலை மட்டும்

பக்கத்து வீட்டுக்காரருக்கு மாரடைப்பு வந்த நாளிலிருந்து ஒரு நாற்பது வயதுக்காரர் தினமும் ஆறு முறை ரத்த அழுத்தம் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு நெஞ்சு வலி இல்லை. மாடி ஏறினால் கொஞ்சம் படபடக்கும், அவ்வளவுதான். அது யாருக்கும் படபடக்கும். ஆனால் ‘எனக்கு இதய நோய் வந்துவிட்டது, இவர்களுக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை’ என்ற எண்ணம் அகலவில்லை. இதற்கு நோய்ப் பதற்றக் கோளாறு என்று பெயர். பழைய பெயர் ஹைப்போகாண்ட்ரியாசிஸ். அந்தப் பழைய பெட்டியில் இருந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் உடல் அறிகுறிக் கோளாறுக்கும், மீதிப் பேர் நோய்ப் பதற்றக் கோளாறுக்கும் போவார்கள் என்பது 2013 கையேட்டின் கணக்கு.

இரண்டையும் பிரிக்க ஒரு எளிய வழி உண்டு. “உங்களை அதிகம் தொந்தரவு செய்வது எது, வலியா, அல்லது அந்த வலிக்குப் பின்னால் இருக்கக்கூடிய நோயின் பெயரா?” என்று கேட்டுப் பார்க்கலாம். முன்னவர் “வலியை நிறுத்துங்கள்” என்பார். பின்னவர் “புற்றுநோய் இல்லை என்று எழுதிக் கொடுங்கள்” என்பார். எழுதிக் கொடுத்தாலும் அந்த நிம்மதி வீடு போய்ச் சேரும்வரைகூடத் தாங்காது என்பது வேறு விஷயம்.

நோய்ப் பதற்றக்காரர்கள் எல்லோரும் டாக்டர் வீட்டு வாசலில் நிற்பவர்கள் என்று நினைக்க வேண்டாம். இன்னொரு வகை உண்டு: மருத்துவமனைத் தெருவையே தவிர்ப்பவர்கள். பரிசோதித்தால் ஏதாவது கண்டுபிடித்துவிடுவார்களே என்ற பயம். வெளியிலிருந்து பார்த்தால் அலட்சியம் போலத் தெரியும். உள்ளே அதே பதற்றம்தான்.

கால் வரவில்லை

இந்தக் குடும்பத்தில் எனக்கு மிகவும் வியப்பூட்டுவது அடுத்தது. ஒரு நாள் காலையில் கால் அசையவில்லை. அல்லது பேச்சு வரவில்லை, கண் தெரியவில்லை, வலிப்பு போல உடம்பு வெட்டி இழுக்கிறது. எம்ஆர்ஐ தெளிவாக இருக்கிறது. இதற்குப் பழைய பெயர் ஹிஸ்டீரியா. கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, அதாவது இது பெண்களின் வியாதி என்ற முடிவு பெயரிலேயே இருந்தது. முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளிலிருந்து கால் விளங்காமலும் வாய் பேச முடியாமலும் கூட்டம் கூட்டமாகத் திரும்பிய ஆண் சிப்பாய்கள் அந்த முடிவைப் பொய்யாக்கினார்கள். அடக்கப்பட்ட மன வேதனை உடல் அறிகுறியாக ‘மாறுகிறது’ என்று ஃபிராய்டும் பிராயரும் 1895-இல் எழுதினார்கள். அதிலிருந்து கன்வர்ஷன் என்ற பெயர் பரவியது. இன்று செயல்சார் நரம்பியல் அறிகுறிக் கோளாறு என்கிறார்கள். வன்பொருள் கெடவில்லை, மென்பொருள் சிக்கிக்கொண்டது என்று நரம்பியல் மருத்துவர்கள் நோயாளிக்கு விளக்குவதுண்டு. கணினி உவமை கொஞ்சம் தேய்ந்துபோனது என்றாலும் இதற்குப் பொருந்துகிறது.

இதைக் கண்டுபிடிப்பது எப்படி? ‘ஸ்கேனில் ஒன்றுமில்லை, ஆகவே மனம்தான்’ என்ற குறுக்குவழி இங்கே செல்லாது. நோய் இருப்பதற்கான நேரடி அடையாளத்தைக் காட்டியாக வேண்டும். அப்படி ஒன்றை 1908-இல் ஹூவர் என்ற அமெரிக்க மருத்துவர் விவரித்தார். நீங்களே செய்து பார்க்கலாம். தரையில் மல்லாந்து படுத்து, வலது காலை முட்டி மடக்காமல் மேலே தூக்குங்கள். இடது குதிகாலுக்கு அடியில் யாராவது கையை வைத்திருந்தால், அந்தக் குதிகால் அவர்கள் கையைத் தானாகவே தரையோடு அழுத்துவதை உணர்வார்கள். நீங்கள் அழுத்த நினைக்கவில்லை. ஒரு காலைத் தூக்கினால் மறுகால் ஊன்றிக்கொள்வது உடம்பின் வழக்கம்.

இப்போது இடது கால் வரவில்லை என்று சொல்லும் நோயாளியைப் பாருங்கள். “இடது குதிகாலைக் கீழே அழுத்துங்கள்” என்றால் முடியவில்லை. “சரி, அதை விடுங்கள், வலது காலைத் தூக்குங்கள்” என்று சொல்லி வலது காலை மருத்துவர் லேசாகத் தடுத்துப் பிடிக்கிறார். இடது குதிகால் திடமாக அழுத்துகிறது! தசையும் நரம்பும் வேலை செய்கின்றன. கவனம் அந்தக் காலின் மீது விழும்போதுதான் அது நின்றுபோகிறது.

இதைப் படித்ததும் பலருக்கும் தோன்றுவது, “ஆகா, நடிப்பு வெளிப்பட்டுவிட்டது.” இல்லை. ஹூவர் அடையாளம் காலில் பலம் இருக்கிறது என்பதைக் காட்டும். அந்த மனிதர் வேண்டுமென்றே செய்கிறாரா என்பதைக் காட்டாது. வேண்டுமென்றே செய்யாதவர்களுக்கும் இது இப்படியே வரும். நல்ல நரம்பியல் மருத்துவர்கள் இந்தச் சோதனையை நோயாளிக்கே செய்துகாட்டி, “பாருங்கள், உங்கள் கால் நன்றாகத்தான் இருக்கிறது, இதைத் திரும்பக் கொண்டுவரலாம்” என்கிறார்கள். குற்றச்சாட்டுக்குப் பயன்பட்டிருக்க வேண்டிய சோதனை, சிகிச்சையின் முதல் படியாகிவிடுகிறது. பிசியோதெரபியும் அங்கிருந்தே தொடங்கும்.

நடுக்கத்துக்கும் இதுபோல ஒரு வழி உண்டு. நடுங்காத கையால் மேசையில் ஒரு தாளம் தட்டச் சொல்வார்கள். நடுங்கும் கையும் அதே தாளத்துக்கு மாறிக்கொண்டால் அது செயல்சார் நடுக்கம். வலிப்பில் விஷயம் இன்னும் நுட்பம். கண்களை இறுக மூடியிருப்பது, தலை இடமும் வலமும் ஆடுவது, பல நிமிடங்கள் நீள்வது ஆகியவை செயல்சார் வலிப்பின் பக்கம் சாய்க்கும். ஆனால் உறுதி செய்ய, மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் இஇஜி பரிசோதனை வீடியோவோடு சேர்ந்து வேண்டும். ஒரே ஆளுக்குக் கால்கை வலிப்பும் இதுவும் சேர்ந்தும் இருக்கலாம். ஆகவே, புதிதாகக் கல்யாணமான பெண் மயங்கி விழுந்து வெட்டினால், “பேய்” என்று வேப்பிலையைத் தேடுவதும் தவறு, “மாமியாரிடம் கோபம், நடிக்கிறாள்” என்று தீர்ப்பு எழுதுவதும் தவறு.

அவசரப்பட்டு இந்தப் பெயரைச் சூட்டியதில் மருத்துவம் பட்ட அடியும் சிறியதல்ல. லண்டனில் ஹிஸ்டீரியா என்று முடிவு கட்டப்பட்ட நோயாளிகளைச் சில ஆண்டுகள் கழித்துத் தேடிப்போன எலியட் ஸ்லேட்டர், அவர்களில் பலருக்கும் உண்மையான மூளை, நரம்பு நோய்கள் இருந்ததை 1965-இல் எழுதினார். மருத்துவரின் அறியாமைக்குப் போர்த்தும் முகமூடி அந்தச் சொல் என்றார். பின்னாளில் நிலைமை திருந்தியது: 2005-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, 1970-களிலிருந்து தவறான கணிப்பு 4 சதவீத அளவில்தான் இருப்பதாகக் கண்டது. ஆனாலும் அந்த நான்கு பேரில் ஒருவர் நம் வீட்டுக்காரராக இருக்கலாம் அல்லவா? மீண்டும் பரிசோதிக்கும் கதவை மூடாமல் வைத்திருக்கும் மருத்துவரே நல்ல மருத்துவர்.

வேண்டுமென்றே செய்பவர்கள்

இதுவரை பார்த்தவர்கள் யாரும் எதையும் புனையவில்லை. புனைபவர்களும் உண்டு. அவர்களிலும் இரண்டு சாதி.

முதலாவது மாலிங்கரிங், தமிழில் நோய் நடிப்பு எனலாம். விபத்து இழப்பீட்டுக்காகக் கழுத்துப் பட்டை போட்டு வருபவர், போருக்குப் போகாமலிருக்க நொண்டுபவர், விடுமுறைக்காகச் சான்றிதழ் கேட்பவர். இலாபம் வெளியே கண்ணுக்குத் தெரிகிறது. அது கிடைத்ததும் நோயும் போய்விடும். இது மனநோய்ப் பட்டியலில் இல்லை. ஒரு செயல், அவ்வளவே. திங்கட்கிழமை காலையில் வயிற்று வலி என்று பள்ளிக்கு மட்டம் போடும் பிள்ளையை இங்கே சேர்க்கும் பெற்றோர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். கணக்கு வாத்தியாரையோ வகுப்பு முரடனையோ நினைத்துப் பயப்படும் குழந்தைக்கு வயிறு நிஜமாகவே வலிக்கும். ஞாயிற்றுக்கிழமை வலிக்காததால் அது பொய் என்றாகிவிடாது. பயம் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையில் இருந்தது, அவ்வளவுதான்.

இரண்டாவது வினோதமானது. பணமும் வேண்டாம், விடுமுறையும் வேண்டாம். நோயாளியாக இருப்பது மட்டும் வேண்டும். சிறுநீரில் ஒரு சொட்டு ரத்தத்தைக் கலப்பார், தெர்மாமீட்டரைச் சூடான தேநீரில் முக்குவார், சர்க்கரை நோய் இல்லாமலே இன்சுலின் போட்டுக்கொண்டு மயங்கி விழுவார். அறுவை சிகிச்சைக்குக்கூடச் சம்மதிப்பார். இதைப் புனைநோய்க் கோளாறு என்கிறோம். இதன் தீவிர வடிவத்துக்கு ரிச்சர்ட் ஆஷர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1951-இல் மஞ்சாசன் நோய்க்குறி என்று பெயர் வைத்தார். மஞ்சாசன் பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மானியப் பிரபு, நம்பமுடியாத சாகசக் கதைகளுக்குப் பேர் போனவர்.

இன்சுலின் போட்டுக்கொள்பவரைப் பிடிக்க ஆய்வுக்கூடத்தில் ஓர் அழகான வழி இருக்கிறது. நம் கணையம் இன்சுலினைச் சுரக்கும்போது சி-பெப்டைடு என்ற துண்டையும் கூடவே விடும். ஊசி மருந்தில் அது கிடையாது. சர்க்கரை தரைமட்டம், இன்சுலின் உச்சம், சி-பெப்டைடு மிகக் குறைவு என்று ரிப்போர்ட் வந்தால் அந்த இன்சுலின் உள்ளிருந்து வந்ததல்ல. இதே கோளாறு பிறர் மீதும் பாயலாம்: தாயோ காப்பாளரோ குழந்தைக்கு நோயை உண்டாக்கிவிட்டு மருத்துவமனைக்குத் தூக்கி வருவார். அப்போது நோயின் பெயர் பெரியவருக்கு, குழந்தை பாதிக்கப்பட்டவர்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? கவனிப்புக்கான பசி என்று சொல்வார்கள். அந்தப் பதில் பாதிதான். செய்வது தெரிந்தே செய்கிறார்கள். ஏன் செய்கிறோம் என்பது அவர்களுக்கே பல சமயம் தெரியாது.

எல்லைக்கு அப்பால் இருப்பவை

பார்ப்பதற்கு மேலே சொன்னவற்றைப் போலவே இருந்து, வேறு வீட்டைச் சேர்ந்தவை சில. மனச்சோர்வுதான் முதலில் நிற்கிறது. “இந்தியர்கள் மனக் கஷ்டத்தைச் சொல்லத் தெரியாமல் உடம்பு வலி என்கிறார்கள்” என்று ஒரு பேச்சு நெடுநாளாக உண்டு. 14 நாடுகளில் மனச்சோர்வு உள்ளவர்களை ஆராய்ந்து 1999-இல் வெளியான ஒரு ஆய்வில், 69 சதவீதத்தினர் உடல் தொந்தரவை மட்டுமே சொல்லி மருத்துவரிடம் வந்திருந்தார்கள். எல்லா நாட்டுக்காரர்களும்தான். மனத்தைப் பற்றி நேராகக் கேட்டபோது, எந்த மன அறிகுறியும் இல்லை என்று மறுத்தவர்கள் 11 சதவீதம் மட்டுமே. கை கால் குடைச்சல், உடம்பெல்லாம் அசதி என்று வருபவரிடம் தூக்கம், பசி, பிடித்த விஷயத்தில் ஆர்வம், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஆகியவற்றைக் கேட்க ஐந்து நிமிடம் போதும். கேட்பவர்தான் குறைவு.

பீதித் தாக்குதலில் படபடப்பு, மூச்சுத் திணறல், செத்துவிடுவோம் என்ற பயம் எல்லாம் சில நிமிடங்களில் உச்சிக்குப் போய் இறங்கிவிடும். உடல் அறிகுறிக் கோளாறு நாள் முழுக்க ஓடும். மூக்கு கோணல் என்று கண்ணாடி முன்னால் மணிக்கணக்கில் நிற்பவருக்கு நோய் பயம் இல்லை, தோற்றத்தைப் பற்றிய பயம். அது எண்ண சுழற்சி நோயின் (ஓசிடி) உறவு. இன்னொருவர் தோலுக்கடியில் பூச்சி ஊர்கிறது என்று தோல் துணுக்குகளை ஒரு தீப்பெட்டியில் போட்டு எடுத்து வருவார். தோல் மருத்துவர்களிடையே இது ‘தீப்பெட்டி அடையாளம்’ என்றே பெயர் பெற்றது. நோய்ப் பதற்றக்காரரிடம் “ஒருவேளை நோய் இல்லாமலும் இருக்கலாமோ?” என்று கேட்டால் ஒரு கணமாவது தயங்குவார். தீப்பெட்டிக்காரர் தயங்கமாட்டார். அந்தத் தயக்கம் இல்லாத இடத்தில்தான் மருட்சி, அதாவது அசைக்க முடியாத பொய் நம்பிக்கை, தொடங்குகிறது, சிகிச்சையும் மாறுகிறது.

நம் பக்கத்துக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். சிறுநீரில் தாது போகிறது, அதனால்தான் உடம்பு இளைத்துச் சோர்ந்துவிட்டது என்று கலங்கி வரும் இளைஞர்கள். இந்திய மனநல மருத்துவர் என். என். விக் 1960-இல் இதற்கு ‘தாத் நோய்க்குறி’ என்று பெயரிட்டார். “விந்து விட்டான் நொந்து கெட்டான்” என்று பழமொழியிலும், சுவர் விளம்பரத்திலும், தொலைக்காட்சியில் இரவு நேர வைத்தியர் பேச்சிலும் இந்தப் பயம் ஊட்டப்படுகிறது. பின்னால் பெரும்பாலும் பதற்றமும் மனச்சோர்வும் இருக்கும்; இலேகியம் விற்பவருக்கு அதைக் கண்டுபிடிக்க ஆர்வம் இருக்காது.

எதிர்த் திசையில் போகிறவர்களும் உண்டு. நெஞ்சு பிசைகிறது, இடது கை இழுக்கிறது, வேர்த்துக் கொட்டுகிறது. “வாயுதான்” என்று ஓமத் தண்ணீரையும் சோடாவையும் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார். உடல் நோய் உறுதியாக இருந்து, மனப்போக்கு அதை மோசமாக்குவது 2013 கையேட்டின் இதே அத்தியாயத்தில் தனிப் பிரிவு. மாரடைப்பை வாயு என்று மறுப்பதும் அதில் அடங்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 பட்டியல் 2022-இல் நடைமுறைக்கு வந்தது. அது இந்தச் சுவர்களைக் கொஞ்சம் இடித்து வேறு இடத்தில் கட்டியிருக்கிறது: நோய்ப் பதற்றத்தை எண்ண சுழற்சி நோயின் பக்கமும், கால் வராமல் போவதை, நினைவு, உணர்வு, அசைவு ஆகியவற்றின் இணைப்பு அறுபடும் நினைவுப் பிளவு நோய்களின் பக்கமும் வைத்திருக்கிறது. ஆகவே ஒரே ஆளின் சீட்டில் இரண்டு மருத்துவர்கள் இரண்டு பெயர்களை எழுதியிருந்தால் பதற வேண்டியதில்லை.

மஞ்சள் பை அம்மாவுக்கு வருவோம். அவருக்கு உடல் அறிகுறிக் கோளாறுதான் என்று முடிவானால், இன்னொரு ஸ்கேன் அவரைக் குணப்படுத்தாது, “ஒன்றுமில்லை”யும் குணப்படுத்தாது. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்சி தரும் பேச்சு சிகிச்சை உதவுகிறது, சிலருக்கு மனச்சோர்வு மாத்திரைகளும் உதவுகின்றன. ஆனால் மருத்துவ நூல்கள் எல்லாம் சொல்லும் ஒரு வழி மிகச் சாதாரணமானது, செலவில்லாதது. ஒரே மருத்துவர் அவரைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். வலி கூடும்போது ஓடிவரச் சொல்லாமல், முன்கூட்டியே தேதி குறித்துக் கொடுக்க வேண்டும். வலி வந்தால்தான் டாக்டரைப் பார்க்கலாம் என்றால் உடம்பு வலியைக் கொண்டுவந்து கொடுத்துவிடும். அதனால் சீட்டின் கடைசி வரியில் இப்படி எழுதித் தருவார்கள்: “அடுத்த மாதம் முதல் செவ்வாய், காலை பத்து மணி. வலி இருந்தாலும் வாருங்கள், இல்லாவிட்டாலும் வாருங்கள்.”